சன்மானம் பத்து டாலர்

அடிமை விளம்பரம் அச்சிட்டுக் காசு பார்த்த பத்திரிகை உலகத்திலிருந்தே, அந்த வரலாற்றை நாட்டின் முகத்துக்கு நேரே வைத்த எழுத்தும் வந்திருக்கிறது. அமெரிக்காவை உலுக்கிய அந்த எழுத்தைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

1796 மே 21. பிலடெல்பியாவில் அமெரிக்க அதிபரின் இல்லம். ஜார்ஜ் வாஷிங்டன் குடும்பத்தார் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேளை பார்த்து ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் வாசலைத் தாண்டி நடந்தார். அதிபரின் மனைவி மார்த்தாவுக்குத் தலை வாரிவிடுவது, உடை உடுத்திவிடுவது, தையல் வேலை என்று சிறுவயதிலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு உழைத்தவர். அவர்களுடைய அடிமை.

சில நாட்களில் நகரத்துச் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. கொடுத்தவர் அதிபர் வீட்டு மேலாளர். பெண்ணுக்கு ஏறக்குறைய இருபது வயது, மெலிந்த உடல்வாகு, முகமெல்லாம் புள்ளிகள், மிகக் கருத்த கண்கள், அடர்ந்த முடி, நல்ல உடுப்புகள் பல வைத்திருக்கிறாள், பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து டாலர் சன்மானம். இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள்: அவள் ஓடிப்போவாள் என்று யாரும் சந்தேகப்படவில்லை, ஓடிப்போக முகாந்திரமும் ஏதுமில்லை.

முகாந்திரம் இருந்தது. வெளி மாகாணத்தார் அழைத்துவந்த அடிமை, பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம் என்று அங்கே 1780-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆறு மாதம் முடியும் முன்பே வாஷிங்டன் தன் அடிமைகளை மாகாண எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வார். நாள்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த ஆண்டு மார்த்தாவின் பேத்திக்குத் திருமணம் ஆகியிருந்தது. ஓனாவை அந்தப் பேத்திக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. வெர்ஜீனியாவுக்குத் திரும்பினால் இந்த ஜென்மத்தில் விடுதலை இல்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. வீட்டார் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டினார்கள். அவரும் தன் மூட்டையைக் கட்டினார்.

இவை நமக்குத் தெரிவது எப்படி? ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1845-ல் நியூ ஹாம்ப்ஷயரின் 'கிரானைட் ஃப்ரீமேன்', 1847 தொடக்கத்தில் பாஸ்டனின் 'லிபரேட்டர்' என இரண்டு அடிமை ஒழிப்புப் பத்திரிகைகள் ஓனாவின் வாக்குமூலத்தை அச்சிட்டன. தன்னை நியூ ஹாம்ப்ஷயருக்கு ஏற்றிச்சென்ற கப்பல் தலைவரின் பெயரை அவர் உயிரோடு இருந்தவரை வெளியே விடவில்லை என்றார் ஓனா, அவருக்குத் தண்டனை வந்துவிடக் கூடாதே என்று. வாஷிங்டன் வீட்டைவிட அதிகமாக உழைத்து வறுமையில் வாழ்ந்தீர்களே, வருத்தமில்லையா என்று கேட்டபோது, இல்லை என்றார். சட்டத்தின் கண்ணில் சாகும்வரை அவர் அடிமைதான். 1848-ல் இறந்தார்.

ஒரே பெண். முதல் முறை பத்திரிகையில் வந்தபோது, தேடிப் பிடிக்க வேண்டிய உடைமை. இரண்டாம் முறை வந்தபோது, தன் கதையைத் தன் வாயால் சொல்லும் மனுஷி. அமெரிக்காவில் அடிமைமுறையையும் நிறவெறியையும் மறுபடி ஆராயும் இதழியல் இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வேலை. அது பழங்கதை கிளறுவது என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தாள்களை அச்சிட்டதும் சேமித்து வைத்ததும் அதே பத்திரிகை உலகம்தான். கணக்கு அதன் கையில் இருக்கிறது. திறந்து காட்டும் கடமையும் அதற்குத்தான்.

அச்சகத்தில் விசாரிக்கவும்

அமெரிக்கக் குடியேற்றங்களில் தொடர்ந்து வெளிவந்த முதல் செய்தித்தாள் 'பாஸ்டன் நியூஸ்-லெட்டர்'. 1704-ல் தொடங்கியது. அதே ஆண்டிலேயே அடிமை விளம்பரமும் வந்துவிட்டது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் 'பென்சில்வேனியா கெஜட்' இத்தகைய விளம்பரங்களை விடாமல் வெளியிட்டது. விற்பவரின் பெயர் பலவற்றில் இருக்காது. விவரத்துக்கு அச்சகத்தில் விசாரிக்கவும் என்று முடியும். அப்படியென்றால் செய்தி அச்சிட்ட கடையே மனித வியாபாரத்துக்குத் தரகுக் கடையாகவும் இருந்தது. ஃபிராங்க்ளின் தன் முதிய வயதில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார், அதுவும் உண்மை. ஆனால் தொழில் தழைத்த காலத்தில் அந்த வருமானத்தை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

1804-ல் டென்னசி பத்திரிகை ஒன்றில் ஆண்ட்ரூ ஜாக்சன் கொடுத்த விளம்பரம் இருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரானவர். ஓடிப்போனவரைப் பிடித்தால் ஐம்பது டாலர். பிடித்தவர் கையால் சவுக்கடியும் கொடுத்தால் ஒவ்வொரு நூறு அடிக்கும் பத்து டாலர் கூடுதல், முந்நூறு அடிவரை. இதைக் கோத்து அச்சேற்றியவரும் ஒரு பத்திரிகைத் தொழிலாளிதான். இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் அந்த விளம்பரத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபின் அதே விளம்பரப் பத்தி தலைகீழாக மாறியது. விற்கப்பட்ட அம்மாவை, பிரிக்கப்பட்ட தம்பியை, எந்த ஊரில் எந்த எஜமானிடம் கடைசியாகப் பார்த்தோம் என்று எழுதி, விடுதலையான மக்கள் தேடத் தொடங்கினார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்ற திருச்சபைப் பத்திரிகை இதற்கென்றே தனிப் பத்தி ஒதுக்கியது. சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஐம்பது சென்ட். போதகர்கள் அதை ஆராதனையில் வாசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. முப்பது ஆண்டு கழித்தும் அம்மாவைத் தேடினார்கள். வில்லனோவா பல்கலைக்கழகம் இப்போது இவற்றைத் திரட்டி எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

ஒரு நாட்டின் பிறந்தநாள் எது?

2019 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ் மேகசின்' ஒரு முழு இதழையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கியது. பெயர் '1619 திட்டம்'. 1619 ஆகஸ்டில், இன்றைய வெர்ஜீனியாவின் ஹேம்ப்டன் அருகே பாயின்ட் கம்ஃபர்ட் என்ற இடத்தில் 'ஒயிட் லயன்' என்ற கப்பல் கரை ஒதுங்கியது. அங்கோலாவிலிருந்து புறப்பட்ட போர்ச்சுகீசிய அடிமைக் கப்பலைக் கடலில் மறித்துப் பறித்துக்கொண்டு வந்த இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை அதன் மாலுமிகள் உணவுப் பொருளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்த நாளுக்கு நானூறு ஆண்டு. அமெரிக்காவின் கதையை 1776-லிருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்கிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் திட்டத்தின் கேள்வி. அட்டையில் மனித முகமே இல்லை. அந்தக் கரைக்கு அப்பால் உள்ள கருத்த கடல் மட்டும்.

யோசனை நிக்கோல் ஹானா-ஜோன்ஸ் உடையது. ஐயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் வளர்ந்தவர். அப்பா மிசிசிப்பியில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, கடைசிவரை அடிமட்ட வேலைகளே கிடைத்தவர். ஆனாலும் வீட்டு முன்னால் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டே இருக்கும். கொடி கொஞ்சம் நைந்தாலும் புதிது மாற்றிவிடுவார். தன்னை இரண்டாந்தரமாக நடத்திய நாட்டின் கொடியை அப்பா ஏன் இப்படிப் போற்றுகிறார் என்று சிறுமிக்குப் புரியவில்லை, வெட்கமாகவும் இருந்தது. அவருடைய முதன்மைக் கட்டுரை இந்தக் கொடியில்தான் ஆரம்பிக்கிறது. ஜனநாயகம் என்று அமெரிக்கா எழுதிவைத்த வாக்குறுதியை நிஜமாக்கப் போராடியவர்கள் கறுப்பின மக்கள், ஆகவே அந்தக் கொடி அப்பாவுக்கும் சொந்தம் என்று வாதாடுகிறது. அந்தக் கட்டுரைக்கு 2020-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாட்டை வெறுக்கும் எழுத்து என்று அதைத் திட்டியவர்களில் எத்தனை பேர் இந்தப் பகுதியைப் படித்தார்களோ.

என்னைக் கேட்டால், திட்டத்தின் உண்மையான பலம் அந்தப் பெரிய வாதத்தைவிட, அன்றாட வாழ்க்கையின் சின்ன விஷயங்களிலிருந்து பின்னோக்கி நடந்த கட்டுரைகளில் இருக்கிறது. அட்லாண்டா நகரத்தின் போக்குவரத்து நெரிசலை எடுத்துக்கொண்டார் வரலாற்றாசிரியர் கெவின் க்ரூஸ். நகரின் நடுவே போகும் நெடுஞ்சாலைகள் கறுப்பினக் குடியிருப்புகளை இடித்துக்கொண்டு போனவை. இன்டர்ஸ்டேட் 20 சாலை கறுப்பர் பகுதிக்கும் வெள்ளையர் பகுதிக்கும் எல்லைக்கோடாக நினைத்தே போடப்பட்டது. மெட்ரோ ரயில் வந்தால் கறுப்பர்களும் வருவார்களே என்று புறநகர் வெள்ளையர்கள் அதைத் தலைமுறைக்கணக்கில் தடுத்தார்கள். விளைவு, இன்று எல்லா நிறத்தவரும் ஒரே நெரிசலில் மணிக்கணக்காக நிற்கிறார்கள்.

இன்னொன்று மருத்துவம். எழுதியவர் லிண்டா வில்லரோசா. ஜார்ஜியாவில் தாமஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர், கறுப்பர்களின் தோல் எவ்வளவு தடிமன் என்று பார்க்க ஜான் பிரவுன் என்ற அடிமையின் உடம்பில் கொப்புளம் எழுப்பி எழுப்பிச் சோதித்தார். ஜான் பிரவுன் தப்பி இங்கிலாந்து போய் அந்த வேதனையைச் சொல்லிப் பதிவு செய்தார். கறுப்பர்களுக்கு நுரையீரலின் கொள்ளளவு குறைவு, உடலுழைப்புதான் அவர்களுக்கு மருந்து என்றார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற இன்னொரு மருத்துவர். அந்த எண்ணம் அவரோடு போகவில்லை. மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் கருவியில் இனத்துக்குத் தகுந்தாற்போல் திருத்தம் செய்யும் வழக்கமாக அது நம் காலம்வரை ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தத் திருத்தத்தால், நோய் முற்றிய கறுப்பினத் தொழிலாளியின் மூச்சும் இவருக்கு இவ்வளவுதான் இயல்பு என்று கணக்கில் சரியாகிவிடும். அமெரிக்க மார்புநோய் மருத்துவர் அமைப்பு 2023-ல்தான் இனம் பார்க்காத கணக்கைப் பரிந்துரைத்தது. தோட்ட முதலாளிக்கு வசதியாக எழுதப்பட்ட ஒரு பொய், மருத்துவமனை இயந்திரத்துக்குள் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

இரண்டு சொல் போதவில்லையா?

1619 திட்டம் சறுக்கிய இடமும் உண்டு, அதை மூடி மறைப்பது அந்த எழுத்துக்குச் செய்யும் நன்மை இல்லை. அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்வது குடியேற்ற மக்கள் விடுதலைப் போரில் இறங்கியதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று என்று முதல் வடிவத்தில் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தார்கள். 2019 டிசம்பரில் கார்டன் வுட், ஷான் விலென்ட்ஸ், ஜேம்ஸ் மெக்பெர்சன் உட்பட ஐந்து வரலாற்றாசிரியர்கள் மறுப்புக் கடிதம் எழுதினார்கள். ஆசிரியர் ஜேக் சில்வர்ஸ்டீன் நீண்ட பதில் எழுதித் திருத்த மறுத்தார். 2020 மார்ச்சில் லெஸ்லி ஹாரிஸ் என்ற பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினத்தவர், அடிமை வரலாற்றில் ஆழ்ந்த புலமை உள்ளவர், திட்டத்தின் நோக்கத்தை ஆதரிப்பவர். அச்சுக்குப் போகும் முன்பே தன்னிடம் சரிபார்க்கக் கேட்டார்கள், இந்த வாக்கியம் தவறு என்று அழுத்தமாகச் சொன்னேன், கேட்கவில்லை என்றார். சில நாட்களில் குடியேற்ற மக்களில் சிலர் என்று திருத்தினார்கள்.

வாதத்தில் சரக்கு இல்லாமல் இல்லை. 1775 நவம்பரில் வெர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், கலகக்கார எஜமானர்களிடமிருந்து ஓடிவந்து தன் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். தெற்கத்தி நிலவுடைமைக்காரர்கள் பலரை அது கிளர்ச்சியின் பக்கம் தள்ளியது. அதை அந்த அளவில் சொல்லியிருந்தால் அசைக்க முடியாத வாதம். பருத்தித் தோட்டங்களைப் பற்றிய மேத்யூ டெஸ்மண்ட் கட்டுரையிலும் இப்படி ஒரு தகராறு. உற்பத்தி பெருகியது சித்திரவதையால் என்ற ஆய்வை அவர் நம்பி எடுத்தாண்டார். புதிய பருத்தி ரகங்களே பெரிய காரணம் என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் எதிர்வாதம் வைத்தார்கள்.

இவ்வளவு பெரிய அநீதியைப் பேசும்போது இரண்டொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தொங்கத்தான் வேண்டும். எதிரில் நிற்பவர்கள் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அதைக் காட்டி மீதி நூறு பக்கத்தையும் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னார்கள். 2020-ல் அதிபர் டிரம்ப் '1776 ஆணையம்' அமைத்தார். 2021 ஜனவரி 18-ல் அதன் அறிக்கை வந்தது, இரண்டு நாளில் பதவியேற்ற பைடன் ஆணையத்தைக் கலைத்தார். டெக்சாஸ் மாநிலம் 1619 திட்டத்தைப் பெயர் சொல்லியே சட்டம் போட்டது, அதைப் பற்றிய அறிவை மாணவர்களிடம் கட்டாயமாக எதிர்பார்க்கக் கூடாது என்று. வட கரோலினா பல்கலைக்கழகம் ஹானா-ஜோன்ஸுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தருவதை இழுத்தடித்தது. எதிர்ப்புக் கிளம்பி 2021 ஜூன் கடைசியில் தருவதாக வாக்களித்தபோது அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, கறுப்பின மக்களின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

2025 மார்ச்சில் டிரம்ப் மறுபடி ஓர் ஆணை பிறப்பித்தார். அருங்காட்சியகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அமெரிக்காவைச் சிறுமைப்படுத்தும் விளக்கங்களை நீக்க வேண்டும் என்பது சாரம். பிலடெல்பியாவில் வாஷிங்டன் குடியிருந்த வீடு இருந்த இடத்தில், அங்கே அடிமைகளாக இருந்த ஒன்பது பேரின் வாழ்க்கையைச் சொல்லும் நினைவிடம் 2010-ல் திறக்கப்பட்டிருந்தது. 2026 ஜனவரியில் அங்கிருந்த விளக்கப் பலகைகளைக் கழற்றினார்கள். நகர நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது.

தீ வைத்த தலைப்புச் செய்திகள்

இந்த இதழியலுக்குத் தாய் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஐடா பி. வெல்ஸ். அடிமையாகப் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் பங்குதாரர், ஆசிரியர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் இரண்டு கூட்டாளிகளையும் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது ஒரு வெள்ளையர் கும்பல். வெள்ளையர் கடைக்குப் போட்டியாக மளிகைக் கடை நடத்தியதுதான் அவர்கள் செய்த குற்றம். கும்பல் கொலை என்றால் கற்பழிப்புக் குற்றத்துக்குப் பழி வாங்குவது என்று நாடு முழுக்க நம்பியிருந்த காலம். வெல்ஸ் ஒவ்வொரு வழக்காக விசாரித்து அது பொய் என்று எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் மே மாதம் பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். மெம்பிஸ் பக்கம் வந்தால் கொலை என்றார்கள்.

அவர் கையாண்ட முறைதான் இன்றும் பாடம். 1895-ல் வெளியிட்ட 'எ ரெட் ரெக்கார்ட்' நூலில், கொலைகளின் எண்ணிக்கையை வெள்ளையர் பத்திரிகையான 'சிகாகோ டிரிப்யூன்' தொகுத்த பட்டியலிலிருந்தே எடுத்தார். கறுப்பர் சொன்னால் நம்ப மாட்டீர்கள், உங்கள் கணக்கையே பாருங்கள் என்று நீட்டினார். 1894-ல் 'நியூயார்க் டைம்ஸ்' அவரை அவதூறு பேசும் அசிங்கமான மனம் கொண்டவள் என்று வசைபாடியது. அவர் 1931-ல் இறந்தபோது அதில் இரங்கல் குறிப்புகூட வரவில்லை. 2018-ல் தான் விட்டுவிட்ட பெண்களுக்கு அஞ்சலி எழுதத் தொடங்கிய தொடரில் அவரைச் சேர்த்தது. ஹானா-ஜோன்ஸ் பரிசு பெற்ற அதே 2020-ல் வெல்ஸுக்கும் புலிட்சர் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது, இறந்து 89 ஆண்டு கழித்து.

பத்திரிகைகள் கொலையைக் கண்டும் காணாமல் இருந்ததோடு நிற்கவில்லை, கொலைக்கு ஆள் திரட்டிய ஊர்களும் உண்டு. 1898-ல் வட கரோலினாவின் வில்மிங்டனில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து நடத்திய, தேர்தலில் வென்ற நகராட்சி இருந்தது. ராலே நகரின் 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' ஆசிரியர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் மாதக்கணக்கில் கேலிச்சித்திரமும் வதந்தியும் போட்டு வெறியைக் கிளப்பினார். நவம்பர் 10-ல் ஆயுதம் தாங்கிய கும்பல், அலெக்ஸ் மேன்லி நடத்திய கறுப்பினப் பத்திரிகை 'டெய்லி ரெக்கார்ட்' அலுவலகத்தை எரித்தது, கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றது, நகராட்சியைத் துப்பாக்கி முனையில் கவிழ்த்தது. 2006-ல் அதே 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' வரலாற்றாசிரியர் டிமோத்தி டைசனை அழைத்து, தன் முன்னாள் ஆசிரியரின் பங்கையும் மறைக்காமல் ஒரு சிறப்புப் பகுதி வெளியிட்டது. பிறகு வேறு பல பத்திரிகைகளும் இந்த வழியில் வந்தன. அலபாமாவில் 'மான்ட்காமரி அட்வர்டைசர்' 2018-ல், 'கேன்சஸ் சிட்டி ஸ்டார்' 2020-ல் மன்னிப்புக் கேட்டன. கனெக்டிகட்டின் 'ஹார்ட்ஃபர்ட் கூரன்ட்' 2000-லேயே தன் அடிமை விளம்பரங்களுக்காக வருத்தம் தெரிவித்தது.

மான்செஸ்டரின் கணக்குப் புத்தகம்

பிரிட்டனின் 'கார்டியன்' இவர்களைவிட ஒருபடி மேலே போனது. 1821-ல் மான்செஸ்டரில் அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய ஜான் எட்வர்ட் டெய்லர் பருத்தி வியாபாரி. முற்போக்கான பத்திரிகை என்று பெயரெடுத்த நிறுவனம், முதல் மூலதனம் எங்கிருந்து வந்தது என்று ஆராய 2020-ல் வெளி ஆய்வாளர்களை அமர்த்தியது. பழைய சரக்குப் பட்டியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. டெய்லரின் நிறுவனத்துக்கு அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளிலிருந்து பருத்தி வந்த கணக்கு அதில் இருந்தது, தோட்ட முதலாளிகளின் பெயர்களோடு. டெய்லருக்குக் கடன் கொடுத்த பதினொரு பேரில் குறைந்தது ஒன்பது பேருக்கு அடிமைத் தொழிலோடு தொடர்பு. ஒருவருக்கு ஜமைக்காவில் தோட்டத்திலேயே பங்கு. 2023-ல் பத்திரிகையின் உரிமையாளரான ஸ்காட் அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டோர் வழிவந்த சமூகங்களுக்காகப் பத்தாண்டுகளில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவிடுவதாக அறிவித்தது.

இங்கே நம் மக்களின் கதையும் வந்து சேருகிறது. 1833-ல் பிரிட்டன் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது நஷ்டஈடு இரண்டு கோடி பவுண்டு, எஜமானர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடன் அடைந்து முடிந்தது 2015-ல். தோட்டங்களில் காலியான இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1834-லிருந்து மொரீஷியசுக்கு, பிறகு பிரிட்டிஷ் கயானாவுக்கு, 1860-ல் நேட்டாலுக்கு. சென்னைத் துறைமுகத்திலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் போய் இறங்கிய லயன்கள் பல, அடிமைகள் காலி செய்துவிட்டுப் போன குடிசைகள். 'பிபிசி' செய்தியாளராக இருந்த லாரா ட்ரெவெலியன், தன் மூதாதையர் கிரெனடாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்ததை 2022-ல் ஆவணப்படமாக எடுத்தார். மறு ஆண்டு குடும்பத்தாரோடு கிரெனடா போய் மன்னிப்புக் கேட்டார். 1859-60-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த சார்லஸ் ட்ரெவெலியன் அதே குடும்பம். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, மனிதர்கள் வாங்கப்பட்டுக் கப்பலேறிய காலத்தில் செல்வம் சேர்த்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கும் பல்கலைக்கழகம் 2024-ல் அடிமைமுறையோடு தனக்கிருந்த உறவுக்காக மன்னிப்புக் கேட்டது. சென்னையிலிருந்து போன அந்த மனிதர்களைப் பற்றி இங்கே நம் இதழ்கள் எழுதியது மிகக் குறைவு.

மன்னிப்புக்கு அடுத்து என்ன என்ற கேள்விக்குத் தெளிவான பதில் ஒரே ஒரு செய்தித் தொடரில் எனக்குக் கிடைக்கிறது. 1838-ல் மேரிலாண்டின் ஏசு சபைப் பாதிரியார்கள் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஜார்ஜ்டவுன் கல்லூரியைக் காப்பாற்றியது. வரலாற்றாசிரியர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். 2016 ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ரேச்சல் ஸ்வார்ன்ஸ் வேறொன்று கேட்டார்: அந்த 272 பேரின் வழிவந்தவர்கள் இப்போது எங்கே? விற்கப்பட்டபோது பதின்மூன்று வயதான கொர்னேலியஸ் ஹாக்கின்ஸின் தடத்தைப் பிடித்துக்கொண்டு லூசியானாவின் மாரிங்குவின் என்ற சிற்றூருக்குப் போனார். ஊர்க் கல்லறையில் அவர் பெயர் இருந்தது, வழித்தோன்றல்கள் இருந்தார்கள். பலர் இன்றும் கத்தோலிக்கர்கள். தங்கள் முன்னோரை விற்றது தங்கள் திருச்சபைதான் என்று அப்போதுதான் அறிந்தார்கள். ஜார்ஜ்டவுன் மன்னிப்புக் கேட்டு, அந்த வழியில் வந்தவர்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தந்தது. 2021-ல் ஏசு சபை பத்துக் கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதி சொன்னது. ஒரு நிருபர் ஒரு பெயரின் தடத்தைப் பின்தொடர்ந்ததில் இவ்வளவு நடந்தது.

ஒக்லஹோமாவின் டல்சா நகரில் மன்னிப்புக்கு அடுத்த அந்தப் படி இன்னும் வரவில்லை. 1921 மே 31 மாலை 'டல்சா டிரிப்யூன்' முதல் பக்கத்தில், லிஃப்டில் வெள்ளைக்காரப் பெண்ணைத் தாக்கிய கறுப்பன் கைது என்று செய்தி போட்டது. கைதானவர் டிக் ரோலண்ட் என்ற, ஷூவுக்குப் பாலிஷ் போடும் பத்தொன்பது வயது இளைஞர். வழக்கு பின்னால் கைவிடப்பட்டது. அதற்குள் அன்றிரவும் மறுநாளும் வெள்ளையர் கும்பலால், கறுப்பர்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியின் முப்பத்தைந்து பிளாக்குகள் எரிந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாகிவிட்டன. இறந்தோர் முந்நூறு வரை இருக்கலாம் என்பது கணிப்பு. பிற்காலத்தில் அந்த இதழை மைக்ரோஃபிலிம் எடுக்கப் போனபோது, முதல் பக்கத்தில் அந்தச் செய்தி இருந்த இடமும் தலையங்கப் பக்கத்தின் பெரும்பகுதியும் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தன. அரை நூற்றாண்டு ஊரே வாய் மூடியிருந்தது. 1971-ல் எட் வீலர் திரட்டிய கட்டுரையை வெள்ளையர் நடத்திய இதழ்கள் மறுத்தபின், கறுப்பினத்தவர் நடத்திய 'இம்பாக்ட்' வெளியிட்டது.

அதிலிருந்து விசாரணை ஆணையம், 2001 அறிக்கை, 2020-ல் ஓக்லான் கல்லறையில் தோண்டுதல், 2024-ல் முதல் முறையாக ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர்: சி.எல்.டேனியல், முதல் உலகப்போர் வீரர். அதே 2024 ஜூனில், உயிரோடு இருந்த இரண்டு மூதாட்டிகள் தொடுத்த இழப்பீட்டு வழக்கை ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருவருக்கும் நூறைத் தாண்டிய வயது. 2025-ல் டல்சா மேயர் மன்ரோ நிக்கோல்ஸ் 10.5 கோடி டாலர் அறக்கட்டளைத் திட்டம் அறிவித்தார். வீடு, கல்வி, பகுதி மேம்பாடு எல்லாம் அதில் உண்டு, உயிர் தப்பியவர்களுக்கு நேரடி ரொக்கம் இல்லை. ஆனால் எவ்வளவு இழந்தோம் என்று அந்த மக்கள் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 1921-22-ல் நகராட்சியிடம் வந்த மனுக்களின் தொகை 18 லட்சம் டாலருக்கு மேல். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நிராகரித்தார்கள். பணம் கிடைத்த அந்த ஒருவர் வெள்ளைக்காரக் கடைக்காரர், தன் கடையிலிருந்து கும்பல் எடுத்துச் சென்ற துப்பாக்கிகளுக்காக. அடுத்து வரிசையாக அச்சேற வேண்டியவை அந்த மனுக்கள்: யார், எந்தத் தெரு, என்னென்ன எரிந்தது, எவ்வளவு கேட்டார், என்ன பதில் வந்தது.